சுண்ணாம்புச் சுவருக்குப் பின்: சமூகத்தோடு மாறிய பிரிட்டிஷ் ஓவியம்

1500-ஆம் ஆண்டு வாக்கில் இங்கிலாந்தின் சிற்றூர்த் தேவாலயங்களில் சுவர் நிறைய நிறம் இருந்தது. வாசலுக்கு எதிரே, குழந்தை இயேசுவைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடக்கும் புனித கிறிஸ்டோபர் நிற்பார். பீடத்துக்கு முன்னுள்ள வளைவின்மேல் இறுதித் தீர்ப்பு நாள் விரிந்திருக்கும்: ஒருபுறம் சொர்க்கம் ஏறுவோர், மறுபுறம் நரகத்தின் வாய்க்குள் இழுபடுவோர். எழுத்தறியாத உழவர் வேதக் கதைகளைப் படித்தது அந்தச் சுவர்களில்தான். வரைந்தவர்களின் பெயர் பெரும்பாலும் எங்கும் பதிவாகவில்லை. செலவைப் பங்கு மக்களும் தொழிற்குழுக்களும் ஏற்றார்கள். படம் ஊருக்குப் பொதுவாக இருந்தது.

அந்த உலகம் ஓரிரு தலைமுறைக்குள் முடிந்துபோனது. 1534-ல் எட்டாம் ஹென்றி ரோமோடு உறவை முறித்தார். 1536-க்கும் 1540-க்கும் இடையில் மடங்கள் கலைக்கப்பட்டு அவற்றின் நிலம் கைமாறியது. அவர் மகன் ஆறாம் எட்வர்ட் 1547-ல் அரியணை ஏறியதும் உருவங்களை அகற்றச் சொல்லும் ஆணைகள் ஊர் ஊராகப் போயின. சிலைகள் உடைந்தன, சுவர்கள்மேல் சுண்ணாம்பு ஏறியது. ஸ்ட்ராட்ஃபோர்டு நகரின் சிற்றாலயத்தில் உருவங்களை அழிக்க 1564-ல் இரண்டு ஷில்லிங் செலவானதாக நகரக் கணக்கேடு சொல்கிறது. அந்தக் கணக்குக்குப் பொறுப்பாயிருந்தவர் ஜான் ஷேக்ஸ்பியர். சில மாதங்களில் அவருக்குப் பிறந்த மகன்தான் நாடகாசிரியர் வில்லியம். சால்ஸ்பரி நகரத்துப் புனித தாமஸ் ஆலயத்தின் இறுதித் தீர்ப்பு ஓவியம் 1593-ல் சுண்ணாம்புக்குள் மறைந்து, 1819-ல்தான் மீண்டும் கண்ணில் பட்டது. மிச்சமிருந்தவற்றை உள்நாட்டுப் போர்க் காலத்துத் தூய்மைவாதிகள் தேடிப்பிடித்தார்கள். வில்லியம் டவுசிங் என்பவர் 1643-44-ல் கேம்பிரிட்ஜ்ஷயரிலும் சஃபோக்கிலும் ஆலயம் ஆலயமாகச் சென்று உடைத்ததை நாட்குறிப்பாகவே எழுதிவைத்தார்.

பிரிட்டிஷ் ஓவியத்தின் பிற்காலப் போக்கு பலவற்றுக்கு விதை இந்தச் சுண்ணாம்புப் பூச்சில் இருக்கிறது. இத்தாலியிலும் ஸ்பெயினிலும் ஓவியர்களுக்குத் திருச்சபை தொடர்ந்து சோறு போட்டது. இங்கிலாந்தில் அந்தப் பெரிய வாடிக்கையாளர் காணாமல் போனதால், தூரிகை பிடித்தவர்கள் நூற்றாண்டுக்கு நூற்றாண்டு புதிய வாடிக்கையாளரைத் தேட வேண்டியிருந்தது. எஞ்சிய முதல் பிழைப்பு உருவப்படம். மனித முகத்தை வரைவதை எந்தச் சமயச் சீர்திருத்தவாதியும் தடுக்கவில்லை.

அந்தப் பிழைப்பிலும் முதலிடம் வெளிநாட்டவருக்கே கிடைத்தது. ஜெர்மானியரான ஹான்ஸ் ஹோல்பைன், பாசல் நகரில் சீர்திருத்தத்தால் தேவாலய வேலை வற்றிப்போக, அறிஞர் எராஸ்மஸ் தந்த அறிமுகத்தோடு 1526-ல் லண்டன் வந்தார். பிறகு ஹென்றியின் அரசவை ஓவியரானார். அகன்ற தோளும் விரித்த காலுமாக நேரே முறைத்து நிற்கும் ஹென்றியின் உருவம், 1537-ல் ஒயிட்ஹால் அரண்மனைச் சுவரில் ஹோல்பைன் தீட்டியது. மூலம் 1698-ல் தீயில் போனது. நகல்கள் வழியாக அந்த நிற்கும் தோரணைதான் இன்றும் ஹென்றி. எலிசபெத் காலத்தில் நிக்கலஸ் ஹில்லியர்ட் உள்ளங்கையில் அடங்கும் சிற்றோவியங்களை வரைந்தார். அவர் பொற்கொல்லராகப் பயின்றவர் என்பது, நகைபோல் அணியத்தக்க அந்தப் படங்களைப் பார்த்தாலே தெரியும்.

முதலாம் சார்லஸ் ஐரோப்பிய மன்னர்களில் பெரிய சேகரிப்பாளர். மாண்டுவா பிரபுக்களின் தொகுப்பை வாங்கினார். 1632-ல் ஓவியர் வான் டைக்கை லண்டனில் குடியமர்த்தினார். ஒயிட்ஹால் விருந்து மண்டபத்தின் கூரைக்கு ஓவியர் ரூபன்ஸைத் தன் தந்தையின் புகழைத் தீட்டவைத்தார். 1649 ஜனவரி 30 அன்று அதே மண்டபத்தின் வழியாக நடந்துபோய், வெளியே எழுப்பியிருந்த மேடையில் தலை இழந்தார். அவருக்குப் பின் வந்த குடியரசு அவர் சேகரிப்பை விற்பனைக்கு வைத்தது. அரண்மனை கடன் வைத்திருந்தவர்களுக்குப் பணத்துக்குப் பதில் படங்கள் போயின. ஈயக்குழாய் வேலை செய்தவர் வீட்டுக்கு பாசானோ வரைந்த இத்தாலிய ஓவியம் போனது. மன்னர் மட்டுமே பார்த்த கலை லண்டன் கடைக்காரர்களின் கூடத்தில் தொங்கிய அந்தச் சில ஆண்டுகள் இந்த வரலாற்றில் வியப்பான இடைவேளை. 1660-ல் முடியாட்சி திரும்பியதும் பலவற்றை அரசு மீட்டுக்கொண்டது.

வாடிக்கையாளரை மாற்றியமைத்த பெருமை வில்லியம் ஹோகார்த்துக்கு உரியது. 1697-ல் லண்டனில் பிறந்தவர். லத்தீன் ஆசிரியரான தந்தை, லத்தீன் மொழியிலேயே பேசும் காப்பிக் கடை ஒன்றைத் தொடங்கி நொடித்து, கடனுக்காகச் சிறையில் கிடந்தார். மகன் வெள்ளிப் பாத்திரங்களில் உருவம் செதுக்கும் பட்டறையில் தொழில் பழகினார். பிரபுக்களின் தயவை நம்பி வாழ்வது என்னவென்று வீட்டிலேயே பார்த்திருந்த அவர், வேறு வழி ஒன்றைக் கண்டுபிடித்தார்: ஒரே படத்தைச் செப்புத்தகட்டில் செதுக்கி, தாளில் அச்சிட்டு, ஆயிரம் பேருக்கு விற்பது. நாட்டுப்புறத்திலிருந்து லண்டன் வந்து பரத்தையாகிச் சீரழியும் பெண்ணின் கதையை ஆறு படங்களாகச் சொல்லி, 1732-ல் முன்பணம் கட்டியவர்களுக்கு ஒரு கினி விலையில் கொடுத்தார். அது ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் போனது. காப்பிக் கடையிலும் அச்சுக்கடைச் சன்னலிலும் கூட்டம் நின்று பார்த்தது.

உடனே திருட்டு அச்சுகளும் வந்தன. ஹோகார்த் சும்மா இருக்கவில்லை. சக கலைஞர்களைச் சேர்த்துக்கொண்டு நாடாளுமன்றத்துக்கு மனுக் கொடுத்தார். 1735-ல் நிறைவேறிய சட்டம், செதுக்குபவருக்குத் தன் படத்தின்மேல் 14 ஆண்டு உரிமை தந்தது. தந்தையின் சொத்தை அழித்துத் தீர்க்கும் மைனரின் கதையை அந்தச் சட்டம் நடைமுறைக்கு வரும்வரை அவர் வெளியிடாமல் காத்திருந்தார். ஓவியர் தன் உழைப்புக்குத் தானே உடைமையாளர் என்று அந்த நாட்டில் சட்டம் ஒப்புக்கொண்ட முதல் தருணம் அது. பின்னாளில் வந்த எந்தப் பட்டமும் பதக்கமும் ஓவியர்களுக்கு இவ்வளவு செய்ததாகச் சொல்ல முடியாது.

வாங்குபவர் மாறியதும் வரையப்பட்டவரும் மாறினார். 1751-ல் வந்த 'ஜின் சந்து' லண்டனின் ஏழைப் பகுதியில் மலிவுச் சாராயம் செய்த நாசத்தைக் காட்டியது: போதையில் தாயின் கையிலிருந்து நழுவி விழும் குழந்தை, தச்சரின் ரம்பத்தையும் வீட்டுப் பானை சட்டியையும் அடகு பிடிக்கும் கடைக்காரர். ஒரு ஷில்லிங் விலையில் விற்ற அந்தப் படம் வந்த ஆண்டே ஜின் விற்பனையைக் கட்டுப்படுத்தும் சட்டமும் வந்தது. கைவிடப்பட்ட குழந்தைகளுக்காகத் தாமஸ் கோரம் நிறுவிய காப்பகத்துக்கு ஹோகார்த் ஓவியங்களைக் கொடையாகக் கொடுத்தார், பிறரையும் கொடுக்கவைத்தார். குழந்தைகளைப் பார்க்க வந்த செல்வர்கள் படங்களையும் பார்த்தார்கள். அதுவரை பொதுமக்கள் சென்று சமகால ஓவியம் பார்க்க லண்டனில் இடம் அரிதாகவே இருந்தது. கோரம் கப்பல் தலைவராக இருந்தவர். மன்னர்களுக்கு உரிய முழு உயர அளவில், பொய்முடி இல்லாமல், சாதாரண மேலங்கியோடு அவரை ஹோகார்த் 1740-ல் வரைந்தது துணிவான செயல்.

'நாகரிகத் திருமணம்' என்ற ஆறு படத் தொடரையும் இங்கே குறிக்க வேண்டும். நொடித்த பிரபுவின் மகனுக்கும் பணக்கார வணிகரின் மகளுக்கும் பேரம்பேசி முடித்த கல்யாணம் கொலையில் முடிகிற கதை. நான்காவது படத்தில் சீமாட்டி ஒப்பனை அறையில் அமர்ந்து காதலனோடு பேசிக்கொண்டிருக்கிறாள்; சுற்றிலும் பாடகரும் விருந்தினரும். சாக்லேட் பானம் பரிமாறும் கறுப்பினப் பணியாளர் ஒருவரும், ஏலத்தில் வந்த பொம்மைகளோடு விளையாடும் கறுப்பினச் சிறுவனும் அங்கே இருக்கிறார்கள். அடிமை வணிகத்தில் கொழித்த நகரத்தின் கூடத்தில் அவர்கள் இருந்ததை ஹோகார்த் மறைக்கவில்லை. அச்சுப் பிரதிகள் நன்றாக விற்றன. மூல ஓவியங்கள் ஆறும் சேர்ந்து 1751-ல் 120 கினிக்கு மட்டுமே போயின. இத்தாலியப் பழம்படங்களுக்கு அள்ளிக் கொடுத்த செல்வர்கள் உள்ளூர்க்காரருக்குக் கையைச் சுருக்கிக்கொண்டார்கள்.

அந்தச் செல்வர்கள் உள்ளூர் ஓவியரிடம் வேண்டியது தங்கள் முகமும் தங்கள் நிலமும்தான். தாமஸ் கெயின்ஸ்பரோ 1750 வாக்கில் வரைந்த ஆண்ட்ரூஸ் தம்பதியர் படத்தில் பாதிக் கித்தானில் மனிதர்கள், பாதியில் வயல். அறுத்த கதிர்க்கட்டுகள் நேர்வரிசையில் நிற்கின்றன. அறுத்தவர் ஒருவரும் இல்லை. பொது மேய்ச்சல் நிலங்களை வேலியிட்டுத் தனியுடைமையாக்கிய காலம் அது. 1604 முதல் 1914 வரை ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட சட்டங்களால் ஏறத்தாழ 68 லட்சம் ஏக்கர் இப்படி அடைக்கப்பட்டது. ஆள் இல்லாத அந்த அழகான வயலைப் பார்க்கும்போது இந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்ப்பதே நியாயம். ஜான் கான்ஸ்டபிள் சஃபோக்கின் ஆலை முதலாளி மகன். அவருடைய 'வைக்கோல் வண்டி' 1821-ல் லண்டனில் காட்சிக்கு வந்தபோது வாங்குவாரில்லை. 1824-ல் பாரிசில் தங்கப்பதக்கம் பெற்றது. அந்த ஓவியத்தின் அமைதியான ஆற்றங்கரை வட்டாரத்தில்தான் அதே சமயம் கூலியிழந்த உழவர்கள் கதிரடிக்கும் இயந்திரங்களை உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

1768 டிசம்பர் 10 அன்று மன்னர் மூன்றாம் ஜார்ஜின் ஆதரவோடு, கலைஞர்களின் கழகமான ராயல் அகாடமி பிறந்தது. ஜோஷுவா ரெனால்ட்ஸ் முதல் தலைவர். ஓவியர் கைவினைஞர் நிலையிலிருந்து கற்றோர் நிலைக்கு உயர வேண்டும் என்பது அவர் வாழ்நாள் நோக்கம். ஆண்டுதோறும் நடத்திய கண்காட்சி அதற்குப் பெரிதும் உதவியது. ஆனால் உயரும்போது சிலர் வெளியே தள்ளப்பட்டார்கள். படத்தைப் பிரதியெடுப்பவர் என்று சொல்லிச் செதுக்குக் கலைஞர்களுக்கு முழு உறுப்புரிமை மறுக்கப்பட்டது. ஓவியருக்குச் சட்ட உரிமை வாங்கித் தந்த தொழிலுக்கு நேர்ந்த அவமதிப்பு அது. நிறுவன உறுப்பினர்களில் ஏஞ்சலிகா காஃப்மன், மேரி மோசர் என இரு பெண்கள் இருந்தார்கள். அகாடமியினர் ஆடையற்ற ஆண் மாதிரியைச் சுற்றி நிற்பதை ஓவியர் ஜோஃபனி வரைந்தபோது இந்த இருவர் மட்டும் அறையில் இல்லை. சுவரில் மாட்டிய உருவப்படங்களாக இருக்கிறார்கள்.

அவர்களுக்குப் பின் ஒரு பெண் முழு உறுப்பினராக 1936 வரை ஆனது; அவர் ஓவியர் லாரா நைட். இடையில் 1860-ல் லாரா ஹெர்ஃபோர்டு தன் பெயரின் முதலெழுத்தை மட்டும் போட்டு வரைபடங்களை அனுப்ப, ஆண் என்றெண்ணி அகாடமிப் பள்ளி இடம் கொடுத்தது. உண்மை தெரிந்த பிறகு அவரைத் தடுக்க விதி எதுவும் இல்லை என்று கண்டார்கள். 1871-ல் தொடங்கிய ஸ்லேடு கலைப் பள்ளி பெண்களைத் தொடக்கத்திலிருந்தே சேர்த்துக்கொண்டது. லாரா நைட் மாணவியாக இருந்தபோது உயிருள்ள மாதிரியைப் பார்த்து வரைய அவருக்கு அனுமதியில்லை, சுண்ணச் சிலைகள்தான். 1913-ல் அவர் ஆடையற்ற பெண் மாதிரியைத் தானே வரைந்துகொண்டிருக்கும் தன்னுருவப் படத்தைத் தீட்டினார். இந்த வரலாற்றில் அதைவிட நேரான பதில் வேறில்லை.

பணம் நிலத்திலிருந்து ஆலைக்கு நகர்ந்ததும் ஓவியம் பின்தொடர்ந்தது. டார்பி நகரத்து ஜோசஃப் ரைட் 1768-ல், காற்றை உறிஞ்சும் கருவிக்குள் மூச்சுக்குத் தவிக்கும் பறவையையும் விளக்கொளியில் அதைப் பார்க்கும் குடும்பத்தையும் வரைந்தார். அதுவரை சமயக் காட்சிக்கு உரிய பயபக்தி அங்கே அறிவியல் சோதனைக்குக் கிடைத்தது. முடிதிருத்துபவராகத் தொடங்கிப் பஞ்சாலை அதிபரான ரிச்சர்டு ஆர்க்ரைட்டை அவர் வரைந்தபோது மேசைமேல் வைத்தது நூற்பு இயந்திரத்தின் உருளைகளை. முடிதிருத்துபவரின் மகனான டர்னர் 1844-ல், மழையைக் கிழித்துக்கொண்டு பாலத்தில் வரும் ரயிலை நெருப்பும் பனியுமாக வரைந்தார். அதற்கு நான்கு ஆண்டு முன் அவர் காட்சிக்கு வைத்த 'அடிமைக் கப்பல்', 1781-ல் சாங் என்ற அடிமைக் கப்பலிலிருந்து 130-க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்கள் கடலில் எறியப்பட்ட கொடுமையை நினைவூட்டுவது. பிரிட்டன் 1833-ல் அடிமை முறை ஒழிப்புச் சட்டம் இயற்றியபோது இழப்பீடு இரண்டு கோடி பவுன், கொடுத்தது உடைமையாளர்களுக்கு. டர்னரின் சிவந்த கடல் அந்தக் கணக்கு முடியவில்லை என்றது.

பேரரசும் ஓவியருக்கு வேலை தந்தது. 1769-ல் சென்னைக்கு வந்த டில்லி கெட்டில் ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலியை வரைந்தார். தாமஸ் டேனியலும் அவர் சகோதரர் மகன் வில்லியமும் 1792-ல் தெற்கே பயணம் செய்து மதுரை, தஞ்சாவூர், திருச்சி, பாபநாசம், மாமல்லபுரம் முதலிய இடங்களில் குறித்துக்கொண்ட காட்சிகள், 1795 முதல் 1808 வரை வெளியான 144 வண்ண அச்சுகளில் இடம்பெற்றன. கோபுரம் என்றால் எப்படி இருக்கும் என்று லண்டன் வாசகர் கண்டது இவற்றில்தான். 1850-ல் மருத்துவர் அலெக்சாண்டர் ஹன்டர் சென்னையில் தொடங்கிய கலைப்பள்ளி, பிரிட்டன் தன் ஆலைப் பொருட்களின் வடிவத்தை மேம்படுத்த நடத்திய பள்ளிகளின் அதே சிந்தனையில் பிறந்தது; இன்று அது அரசு கவின்கலைக் கல்லூரி.

1824-ல் நாடாளுமன்றம் ஆங்கர்ஸ்டைன் என்ற கப்பல் காப்பீட்டு வணிகரின் 38 ஓவியங்களை 57,000 பவுனுக்கு வாங்கித் தேசிய ஓவியக் கூடத்தைத் தொடங்கியது. சௌத் கென்சிங்டன் அருங்காட்சியகம் 1857-ல் எரிவாயு விளக்கேற்றி மாலையிலும் திறந்திருந்தது, பகலெல்லாம் வேலை செய்பவர் வர வேண்டும் என்று. அதே ஆண்டு மான்செஸ்டரில் நடந்த கலைச் செல்வங்கள் கண்காட்சிக்கு 13 லட்சம் பேர் வந்தார்கள். பஞ்சாலை நகரம் தனக்கும் கண்ணுண்டு என்று தலைநகருக்குக் காட்டிய நிகழ்ச்சி அது.

வாக்குரிமை கேட்டுச் சாசன இயக்கத்தார் லண்டனில் திரண்ட 1848-ல்தான் மில்லே, ரோசெட்டி, ஹன்ட் உள்ளிட்ட எழுவர் ராஃபேலுக்கு முந்தையோர் என்ற குழுவை அமைத்தார்கள். அகாடமி மரபை எதிர்த்த இந்த இளைஞர்களின் படங்களைப் பிரபுக்களைவிட வடநகரத்து முதலாளிகள் ஆர்வமாய் வாங்கினார்கள். அவர்களோடு நெருக்கமான ஃபோர்டு மேடாக்ஸ் பிரவுன் 'உழைப்பு' என்ற ஓவியத்தில் பத்தாண்டுக்கும் மேல் செலவிட்டார். லண்டனின் ஹாம்ப்ஸ்டெட் தெருவில் குழி தோண்டும் கூலிகள் நடுவில் வெயிலில் மின்னுகிறார்கள். குதிரை மேல் வந்த கனவான் பின்னால் நிழலில் தடைபட்டு நிற்கிறார். நூறாண்டுக்கு முன் கெயின்ஸ்பரோவின் வயலில் காணாமல் போயிருந்தவர் படத்தின் மையத்துக்கு வந்துவிட்டார். காசு கொடுத்த லீட்ஸ் பங்குத் தரகர், எழுத்தாளர் கார்லைலையும் துண்டுப் பிரசுரம் தரும் பக்தியுள்ள ஒரு பெண்ணையும் சேர்க்கச் சொன்னதால் அவர்களும் ஓரத்தில் இருக்கிறார்கள். வில்லியம் மாரிஸ் இன்னும் ஒரு படி போனார். ஆலை உற்பத்தி உழைப்பின் மகிழ்ச்சியைக் கொன்றுவிட்டது என்று கைத்தறியும் கைச்சாயமும் செய்தார். அவை செல்வர் வீட்டுக்கே போவதைக் கண்டு வருந்தி, 1880-களில் பொதுவுடைமை மேடை ஏறினார்.

முதல் உலகப் போரில் அரசே ஓவியரை வேலைக்கு அமர்த்தியது. கேட்டது ஊக்கமூட்டும் படம்; பால் நாஷ் 1918-ல் கொடுத்தது மொட்டை மரங்களும் குண்டுக்குழிகளும் நிறைந்த சேறு. முள்கம்பிக்கு அருகே கவிழ்ந்து கிடக்கும் இரு சிப்பாய்களின் பிணத்தை நெவின்சன் வரைய, தணிக்கையாளர் தடுத்தார். நெவின்சன் படத்தின் மேல் பழுப்புத்தாள் ஒட்டித் 'தணிக்கை' என்று எழுதி அப்படியே காட்சிக்கு வைத்தார். 1934-ல் ஆஷிங்டன் நிலக்கரிச் சுரங்கத்தார் மாலை வகுப்பொன்றில் ஓவிய ரசனை கற்க விரும்ப, ஆசிரியர் ராபர்ட் லயன் நீங்களே வரைந்து கற்றுக்கொள்ளுங்கள் என்று தூரிகையைக் கையில் கொடுத்தார். அவர்கள் சுரங்கத்தையும் புறா வளர்ப்பையும் வீட்டுச் சமையலறையையும் வரைந்தார்கள். இரண்டாம் போரில் ஹென்றி மூர், குண்டுவீச்சுக்குப் பயந்து சுரங்க ரயில் நிலையங்களில் படுத்துறங்கிய லண்டன் மக்களை வரைந்தார். 1946-ல் கலை மன்றம் அமைந்து, பொதுநிதி கலைக்கு நிலையான புரவலராயிற்று.

பேரரசு கலைந்தபோது அதன் மக்கள் பிரிட்டனுக்கு வந்தார்கள். கோவாவில் பிறந்த ஓவியர் சூசா 1949-லும், கயானாவின் ஃபிராங்க் பவுலிங் 1953-லும் லண்டன் சேர்ந்தார்கள். ராயல் கலைக் கல்லூரி 1962-ல் தங்கப்பதக்கத்தை டேவிட் ஹாக்னிக்கும் வெள்ளிப்பதக்கத்தை பவுலிங்குக்கும் தந்தது. ஹாக்னி அந்தச் சில ஆண்டுகளிலேயே உலகப் புகழ் பெற்றார். ஆண்களிடையே தன்பாலின உறவு 1967 வரை குற்றமாயிருந்த இங்கிலாந்தில் இரு ஆண்களின் அன்பை வெளிப்படையாக வரைந்த துணிவும் அவருடையது. பவுலிங்கை அகாடமி உறுப்பினராக்க 2005 வரை ஆயிற்று.

1980-களில் இரண்டு வேறு கதைகள் ஒரே சமயம் நடந்தன. சரக்குப் பெட்டகக் கப்பல்கள் வந்ததால் வெறிச்சோடிய லண்டன் துறைமுகக் கட்டடம் ஒன்றில் 1988-ல் டேமியன் ஹர்ஸ்டும் சக மாணவர்களும் கண்காட்சி வைத்தார்கள். விளம்பர முதலாளி சார்லஸ் சாச்சி வாங்கத் தொடங்க, ஓவியச் சந்தை கொதித்தது. அதற்கு முன்பே வுல்வர்ஹாம்ப்டனில் குடியேறியோரின் பிள்ளைகள் கறுப்பினக் கலைக் குழு அமைத்திருந்தார்கள். சான்சிபாரில் பிறந்த லுபைனா ஹிமிட் 1985-ல் 11 பெண் கலைஞர்களின் படைப்புகளைத் தொகுத்தபோது, லண்டனின் சமகாலக் கலை நிறுவனம் ஒதுக்கியது நடைக்கூடத்தை.

மறு ஆண்டு ஹிமிட், ஹோகார்த்தின் 'நாகரிகத் திருமணம்' தொடரின் நான்காவது படத்தை ஆளுயர ஒட்டுப்பலகை உருவங்களாக வெட்டி நிறுத்தினார். சீமாட்டியின் இடத்தில் பிரதமர் மார்கரெட் தாட்சர், காதலனின் இடத்தில் அமெரிக்க அதிபர் ரொனால்ட் ரேகன். சாக்லேட் கோப்பை ஏந்திய பணியாளரின் இடத்தில் கறுப்பினப் பெண் ஓவியர் ஒருவர் நிமிர்ந்து நிற்கிறார். சமகாலக் கலைக்கான டர்னர் பரிசு 50 வயதுக்கு மேற்பட்டோருக்கு இல்லை என்ற விதி 2017-ல் நீங்கியது. அந்த ஆண்டு ஹல் நகரத்து ஃபெரன்ஸ் கூடத்தில் இந்த உருவங்கள் மீண்டும் நின்றன. 63 வயது ஹிமிட் பரிசு பெற்றார்.